ஒன்பதாவது பெட்டி

பள்ளிகளின் தலைமை அலுவலகத்தில் அவரைத் தராசு என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரை வைத்தவர் ஸ்டோர்காரர். ஒருமுறை பழைய நாற்காலிகள் ஒரு வண்டி நிறைய வந்து இறங்கின. அவற்றைப் பிரிவு பிரிவாகப் பங்கிடும் வேலை எப்படியோ இவர் தலையில் விழுந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்து, ஆடுபவை ஒரு பக்கம், ஆடாதவை ஒரு பக்கம் எனப் பிரித்து, இரண்டும் கலந்து எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவில் போகும்படி செய்தார். கடைசியில் ஆடாத நாற்காலி ஒன்று மிஞ்சியது. அதை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டு, ஆடும் நாற்காலி ஒன்றைத் தம் மேசைக்கு இழுத்துக்கொண்டார்.

"தராசுன்னா ரெண்டு தட்டும் சமமா நிக்கணும்யா," என்றார் ஸ்டோர்காரர். "உன்கிட்ட உன் தட்டு மட்டும் எப்பவும் காலியா மேல தொங்குது."

தொலைபேசிக் கம்பம் ஏறும் வேலையில் தொடங்கியவர் அவர். கம்பத்தின் காலம் முடிந்து கணினியின் காலம் வந்தபோது, பள்ளிகளுக்குக் கம்பி இழுக்க ஆள் தேவைப்பட்டது. அப்படி உள்ளே வந்தார். பன்னிரண்டு பள்ளிகளின் கணினிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அவர் பொறுப்பு. அதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சுவிட்ச் உண்டு. விளக்குப் போடும் சுவிட்ச் அன்று. வரிசையாகத் துளைகள் கொண்ட, தட்டையான பெட்டி. எல்லாக் கணினிகளின் கம்பிகளும் அந்தத் துளைகளில் வந்து சேரும். தலைமையாசிரியர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படவில்லை. பெட்டியைச் சரிசெய்யப் போகும் இடத்தில், 'அப்படியே அந்த ஃபேன் சுவிட்ச்சையும் பாத்துடுங்க' என்பார்கள். அதையும் பார்த்துவிட்டுத்தான் வருவார். காலப்போக்கில் எல்லாரும் அதைப் பெட்டி என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

அவருடைய மனைவி கால்வாய்ப் பள்ளியில் எழுத்தர். திருமணத்துக்கு முன்பிருந்தே அங்கே வேலை. கால்வாயை ஒட்டிய சாலையின் கடைசியில், ஐந்து வகுப்பறைகளும் ஓர் அலுவலக அறையும் கொண்ட சிறிய கட்டடம். எந்தப் பிள்ளைக்கு அம்மா ஆலையில் இரவு வேலை, எந்தப் பிள்ளையைச் சித்தப்பா வந்து கூட்டிப்போவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பணி ஓய்வும் அங்கேயே என்று முடிவுசெய்து வைத்திருந்தார். கணவரைப் போல் நியாயம் பேசுகிறவர் அல்லர், சுத்தம் பேசுகிறவர். கோணலாக இருக்கும் தாளை நேர்செய்யாமல் அந்த மேசையைக் கடக்க அவரால் முடியாது.

அந்த ஆண்டு மேலிடத்திலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. ஆண்டுத் தேர்வை இனிக் கணினியில்தான் எழுத வேண்டும், ஒவ்வொரு பள்ளியும் தன் கட்டடத்திலேயே நடத்த வேண்டும் என்பது முதலாவது. அப்படி நடத்த இயலாத சிறிய பள்ளிகள் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்க்கப்படும். புதிய பெட்டிகள் வாங்கக் கேட்ட தொகையில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும் என்பது இரண்டாவது. முதல் செய்தியை எழுதிய கை இரண்டாவதைப் படித்திருக்காது என்று ஸ்டோர்காரர் சொன்னார்.

கால்வாய்ப் பள்ளியின் தலைமையாசிரியை ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி, ஒதுக்கிப்போட்ட கணினிகளைக் கேட்டு வாங்கி ஓர் அறையை நிரப்பிவிட்டார். பள்ளி பிழைப்பது இனி அந்தத் தேர்வு நடப்பதில்தான் இருந்தது. தேர்வு நடப்பது பெட்டியில் இருந்தது.

தராசு தம் வழக்கப்படி நிதானமாகத் தொடங்கினார். மூடப்பட்ட வங்கிக் கிளை ஒன்றின் பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தது. முதல்தரமான சாதனம். ஒரு பள்ளியில் சோதனைக்கு வைத்தார். அதன் விசிறிகள் விமானம் கிளம்புவதுபோல் இரைந்தன. பாடம் நடத்த முடியவில்லை என்று ஓர் ஆசிரியை அதன்மேல் கம்பளித் துண்டைப் போட்டு மூடினார். மறுநாள் பெட்டி வெந்து அடங்கியது. பழைய பெட்டி என்ற யோசனையும் அதோடு அடங்கியது.

எஞ்சியவை இரண்டு வகை. அவற்றின் வேறுபாட்டை அவர் இயக்குநரிடம் இப்படி விளக்கினார்.

"நல்ல பெட்டிக்குக் கொஞ்சம் மூளை இருக்கு சார். யாராவது கம்பியத் தப்பா செருகிட்டா அதுவே கண்டுபிடிச்சு அந்த ஓட்டைய மட்டும் அடைச்சிடும். சாதாப் பெட்டிக்கு அது கிடையாது. வந்ததை வந்தபடி எல்லாருக்கும் அனுப்பிக்கிட்டே இருக்கும்."

"நம்ம ஆபீஸ் மாதிரின்னு சொல்லுங்க."

"ஆமா சார்."

இயக்குநர் சிரிப்பார் என்று எதிர்பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. இயக்குநரும் சிரிக்கவில்லை. "எத்தனை நல்லது வாங்க முடியும்?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்பது வாங்க முடிந்தது. மீதி மூன்று பள்ளிகளுக்குச் சாதாப் பெட்டி. யாருக்கு எது என்பதை அவரே முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை, கணினிகளின் எண்ணிக்கை, கம்பிகளின் பழுது, பெட்டியைப் பார்த்துக்கொள்ள விவரம் தெரிந்த ஆள் உண்டா இல்லையா என நான்கு கேள்விகளை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தினார். முதல் எட்டில் குழப்பமில்லை. ஒன்பதாவதாகக் கால்வாய்ப் பள்ளி வந்தது. பத்தாவது, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த பணிமனைப் பள்ளி. பணிமனையில் பிள்ளைகள் அதிகம். ஆனால் அங்கே கணினி தெரிந்த ஆசிரியர்கள் இருவர் இருந்தார்கள், கம்பிகளும் புதியவை. கால்வாயில் இரண்டும் இல்லை. இடைவெளி மிகச் சிறியது, எனினும் இடைவெளிதான்.

ஸ்டோரில் பெட்டிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது ஒன்பதாவது பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டை ஸ்டோர்காரர் எட்டிப் பார்த்தார்.

"பணிமனையா? நேத்து கால்வாய்னு சொன்னியே."

"திரும்பப் பாத்தேன் அண்ணே. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்."

"ஏறக்குறையன்னா ஒண்ணு ஏறுது, ஒண்ணு குறையுது. எது ஏறுது?"

தராசு சீட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினார். "கால்வாய்."

"பின்ன அங்க அனுப்பு. தங்கச்சி வேலை பாக்குற இடம். ஒரு பய கேக்க மாட்டான்."

"கேக்க மாட்டாங்க. மனசுல வெச்சுக்குவாங்க."

"வெச்சுக்கட்டும். உன் மனசுலயா வைக்கப் போறாங்க?"

"எனக்கே தோணுமே அண்ணே. இவ இருக்கறதாலதான் அந்த ஸ்கூல் ஒன்பதாவதா வந்துச்சோன்னு."

"நீ போட்ட கணக்குல வந்துச்சு."

"போட்டது நான்தானே."

ஸ்டோர்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலு பேரு தப்பா நினைக்கக் கூடாதுன்னு நாற்காலியக் குடுத்த, சரி. அது உன் முதுகு. இது அம்பது பிள்ளைங்க படிக்கிற இடம்யா."

தராசு சீட்டை மாற்றவில்லை. சாதாப் பெட்டியும் வேலை செய்யும், யாரும் தப்பாக எதையும் தொடாதவரை ஒரு குறையும் வராது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் பொய் இல்லை.

அன்று மாலை மனைவி கேட்டார்: "எங்க ஸ்கூலுக்கு எது வருது?"

"சாதாது. வேலைக்கு ஆகும்."

"டீச்சர் நல்லது வரும்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க." கோணலாகக் கிடந்த செய்தித்தாளை நேராக்கிவிட்டு, "சரி. நீங்க பாத்துக் குடுத்தா சரியாதான் இருக்கும்," என்றார்.

பெட்டியைத் தராசுவே கொண்டுபோய் மாட்டினார். அலுவலக அறையில், மனைவியின் நாற்காலிக்கு வலப்பக்கம், கை எட்டும் உயரத்தில் ஒரு பலகை. வேறெந்தப் பள்ளிக்கும் செலவிடாத நேரத்தை அங்கே செலவிட்டார். ஒவ்வொரு கம்பிக்கும் அது போகும் அறையைக் குறித்துச் சீட்டுக் கட்டினார். ஒரு வெள்ளைக் கம்பி மட்டும் எஞ்சியது. அலுவலக அச்சு இயந்திரத்துக்குப் போவது. இயந்திரம் பழுதுபார்க்கப் போயிருந்தது. திரும்பி வந்தால் எளிதாக இருக்கட்டும் என்று ஒரு முனையைப் பெட்டியில் செருகி, மறுமுனையைப் பலகையின் ஓரத்தில் தொங்க விட்டார்.

தேர்வுக்கு முந்தைய மாலை தலைமையாசிரியை, மறுநாள் பார்வையாளர் ஒருவர் வருவதால் அறைகள் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றார். மனைவிக்கு இதைச் சொல்லத் தேவையே இல்லை. பிள்ளைகள் போன பிறகு மேசையைத் துடைத்தார், பலகையைத் துடைத்தார், பெட்டியின்மேல் படிந்த தூசியை உலர்ந்த துணியால் எடுத்தார். தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் கம்பி கண்ணை உறுத்தியது. அதை அழகாகச் சுருட்டி, காகித நாடா சுற்றி, முனையைப் பெட்டியில் காலியாக இருந்த கடைசித் துளையில் செருகினார். கச்சிதமாகப் பொருந்தியது. பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னத் தொடங்கின. பெட்டி சுறுசுறுப்பாக இருக்கிறது என்று நினைத்து அறையைப் பூட்டினார்.

ஒரு கம்பியின் இரு முனைகளும் ஒரே பெட்டியில் செருகப்பட்டால், அந்தப் பெட்டி அனுப்பியது அதற்கே திரும்பி வரும். வந்ததை அது மீண்டும் அனுப்பும். அனுப்பியது மீண்டும் வரும். சிறிது நேரத்தில் வேறெதற்கும் இடமில்லாமல் போகும். மூளையுள்ள பெட்டி இதைக் கண்டுகொண்டு அந்தத் துளையை அடைத்துவிடும். கால்வாய்ப் பள்ளிக்கு வந்தது மற்றது.

தேர்வன்று காலை தராசு பணிமனைப் பள்ளியில் இருந்தார். மனைவியின் பள்ளியில் போய் நிற்கிறார் என்ற பேச்சு வேண்டாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். கைபேசி அழைத்தது.

"ஏங்க, ஒண்ணும் வர மாட்டேங்குது. எல்லா கம்ப்யூட்டர்லயும் சுத்திக்கிட்டே இருக்கு."

"பெட்டிய அணைச்சுப் போட்டுப் பாரு."

"போட்டாச்சு. ரெண்டு தடவை."

"லைட் எரியுதா?"

"எரியுது. நல்லா மின்னுது, எல்லாம் ஒண்ணா."

"யாராவது எதையாவது தொட்டாங்களா?"

"யாரும் தொடல. நேத்து நானே துடைச்சு சுத்தமா வெச்சுட்டுதானே போனேன். சீக்கிரம் வாங்க, பிள்ளைங்க எல்லாம் உக்காந்தாச்சு."

ஸ்கூட்டரில் கிளம்பினார். கால்வாய்ப் பாலத்தின் நடுவில் மணல் லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றது. ஸ்கூட்டரை நடைபாதைமேல் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார். அவர் பள்ளிக்குள் நுழைந்தபோது, பிள்ளைகள் உள்ளே பதிவுசெய்துகொள்ள வேண்டிய நேரம் கடந்துவிட்டிருந்தது. அதன் பிறகு இணைப்பு வந்தாலும் தேர்வுக்குள் யாரும் நுழைய முடியாது. தலைமையாசிரியை வராந்தாவில் நின்று கைபேசியில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். கணினி அறையில் பிள்ளைகள் கைகளை மடியில் வைத்து, சுழன்றுகொண்டே இருந்த திரைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு ஒழுங்காக அவர்களை அவர் பார்த்ததே இல்லை.

அலுவலக அறையில் பெட்டியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. வெள்ளைக் கம்பி வட்டமாகச் சுருட்டப்பட்டு, காகித நாடாவோடு, இரு முனைகளும் செருகப்பட்டு இருந்தது. அந்தச் சுருட்டலை அவருக்குத் தெரியும். வீட்டில் இஸ்திரிப் பெட்டியின் கம்பி தினமும் அப்படித்தான் சுருட்டப்படுகிறது. அறையில் வேறு யாரும் இல்லை. கம்பியை முழுதாக உருவி எடுத்துக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். விளக்குகள் அடங்கி, ஒன்றொன்றாகத் தனித்தனியே சிமிட்டின. கணினி அறையிலிருந்து, "வந்துடுச்சு டீச்சர்," என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்டது.

மனைவி உள்ளே வந்தார். புடவைத் தலைப்பு கையில் கசங்கியிருந்தது. "என்னவாம்?"

"பெட்டி போச்சு."

"இப்ப வந்துடுச்சுன்னு சொல்றாங்களே."

"வந்து வந்து போகும். மாத்தணும்."

"புதுசுதானே?"

"சாதாப் பெட்டி. அப்படித்தான்."

ஸ்கூட்டரில் கொண்டுவந்திருந்த மாற்றுப் பெட்டியை மாட்டிவிட்டு, ஒரு குறையும் இல்லாத பெட்டியைச் செத்ததுபோல் அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார்.

ஸ்டோர்காரர் அதை வாங்கி மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு."

"போச்சு அண்ணே."

"எங்க போச்சு? எனக்கும் கொஞ்சம் தெரியும்யா."

தராசு பையிலிருந்த கம்பியை எடுத்து வைத்தார். காகித நாடா இன்னும் அவிழவில்லை. ஸ்டோர்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் இழுப்பறையில் போட்டார். "டீ சொல்லவா?" என்றார். தராசு வேண்டாம் என்றார்.

விசாரணையில் இயக்குநர் காரணம் கேட்டார். அந்தப் பள்ளிக்கு அந்தப் பெட்டி பொருத்தமானதன்று, தேர்ந்தெடுத்தது தாமே என்று தராசு எழுதிக் கொடுத்தார். அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. வாங்கும் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, புதிதாக வந்த இளம் பொறியாளரான ஒரு பெண்ணிடம் தரப்பட்டது. தராசுக்குப் பழையபடி கம்பி இழுக்கும் வேலை. மறுதேர்வு கேட்டுத் தலைமையாசிரியை எழுதியதற்குப் பதில் வரவில்லை. பள்ளியைச் சேர்க்கும் ஆணை வந்தது. கால்வாய்ப் பள்ளியின் பிள்ளைகளும் அவர்களோடு எழுத்தரும் பணிமனைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். பிள்ளைகளில் சிலர் போகவில்லை. தூரம் அதிகம், நடுவில் பெரிய சாலை.

வீட்டில் மனைவியின் பேச்சு அன்றிலிருந்து ஒரே இடத்தைச் சுற்றியது. காய் நறுக்கும்போது தொடங்கும்.

"ஒன்பது ஸ்கூலுக்கு நல்லது. எங்களுக்கு மட்டும் டப்பா."

"மூணு ஸ்கூலுக்கு அதான்."

"மத்த ரெண்டு ஸ்கூல் இன்னும் நடக்குதுல்ல?"

"நடக்குது."

"அப்ப எங்களுக்குன்னு பாத்து ஓட்டை டப்பாவா எடுத்துட்டு வந்தீங்க."

மனைவி கோபம் தீரும்வரை பேசுவார். பிறகு, "அந்தக் கடைசி பெஞ்ச் பொண்ணு இன்னிக்கும் வரல," என்பார். எந்தப் பெண், எந்த வீடு என்று தராசு கேட்பார். அப்படியே பேச்சு வேறு பக்கம் திரும்பும். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் தொலைபேசியில், "இன்னிக்கு டப்பா ரவுண்டு முடிஞ்சுதாப்பா?" என்று கேட்பாள்.

பணிமனைப் பள்ளி அலுவலகத்தில் நான்கு எழுத்தர்கள். மனைவிக்குக் கதவின் பின்புறம் ஒரு மேசை. ஒரு நாள், ஒரு கணினிக்கு மட்டும் இணைப்பு வரவில்லை என்று அந்த இளம் பொறியாளர் வந்தார். சுவரில் இருந்த பெட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"யாருங்க இது? ஒரே கம்பியோட ரெண்டு முனையையும் இங்கயே செருகி வெச்சிருக்கீங்க?"

"தொங்கிக்கிட்டு இருந்துச்சு," என்றார் எழுத்தர்களில் ஒருவர். "நான்தான் எடுத்து வெச்சேன். தப்பா?"

"நல்ல வேளை இது நல்ல பெட்டி. அதுவே புரிஞ்சுக்கிட்டு அடைச்சிருக்கு, பக்கத்துல உங்க கம்ப்யூட்டரோட கம்பியும் லேசா கழண்டிருக்கு, அவ்வளவுதான். சாதாப் பெட்டியா இருந்திருந்தா ஸ்கூலே படுத்திருக்கும்."

கதவின் பின்னாலிருந்து தராசுவின் மனைவி கேட்டார்: "அப்ப லைட் எல்லாம் எப்படி இருக்கும்?"

"எல்லாம் ஒண்ணா மின்னும் மேடம். பாக்க அழகாதான் இருக்கும்."

அன்று மனைவி வழக்கமான பேருந்தை விட்டுவிட்டு நடந்தே வீடு வந்தார். தராசு சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மனைவி செருப்பைக் கழற்றி நேராக வைத்தார். கை கழுவினார். அடுப்பைப் பற்றவைத்தார்.

"அந்த டப்பாவைப் பத்தி இனிமே பேச மாட்டேன்."

தராசு நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"நல்ல டப்பாதான் போலிருக்கு."

தராசு வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"நீ நினைக்கிற மாதிரி இல்ல. உங்க ஸ்கூல்தான் முன்னாடி இருந்துச்சு. ஒன்பதாவது பெட்டி உங்களுக்கு வர வேண்டியது. நான்தான் மாத்தினேன்."

"தெரியும்."

"ஸ்டோர் அண்ணன் சொன்னாரா?"

"யாரும் சொல்லல. உங்களை எனக்குத் தெரியாதா? நான் இருக்கற ஸ்கூல்னா ஒரு படி கீழதான் போடுவீங்க. சாதாதுன்னு நீங்க சொன்ன அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா மாத்தியிருப்பீங்களா?"

மாற்றியிருக்க மாட்டார். கேட்டிருந்தால், கேட்டதாலேயே மாற்றியிருக்க மாட்டார். மனைவி வெங்காயத்தை எடுத்து மீதியை உரித்தார்.

"அம்மா வேலைக்குப் போனதும் அந்தக் கடைசி பெஞ்ச் பொண்ணு தம்பியப் பாத்துக்குதாம்," என்றார். எந்த வீடு என்று இம்முறை தராசு கேட்கவில்லை.

சொன்னபடியே மனைவி அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அதோடு மற்றப் பேச்சுகளும் குறைந்தன. அவரவர் தட்டைத் தாமே எடுத்துவைத்துச் சாப்பிட்டார்கள். அவரவர் தட்டைத் தாமே கழுவினார்கள். கால்வாய்ப் பள்ளிக் கட்டடத்தில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைக்க ஆணை வந்தது. உள்ளேயிருந்த கம்பிகளை உருவி எடுத்துவரும் வேலை தராசுக்குத் தரப்பட்டது. தனியாகப் போய்ச் செய்து முடித்துவிட்டு வந்தார். போனதை வீட்டில் சொல்லவில்லை. சட்டையில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்த மனைவியும் கேட்கவில்லை. சட்டையை மட்டும் தனியாக ஊறவைத்தார்.

மகள் அழைத்தாள். "என்னப்பா, டப்பா ரவுண்டே இல்லையாமே? அம்மா சொன்னாங்க."

"இல்லம்மா."

"அப்புறம் ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறீங்க?"

"அம்மாகிட்ட பேசு," என்று தராசு கைபேசியை மனைவியிடம் நீட்டினார்.